முதுமையிலும் ஓயாத திருநா: அப்பர் பெருமானின் வாழ்வு

சைவ சமயக் குரவர் நால்வருள் திருஞானசம்பந்தர் 16 ஆண்டுகளும், சுந்தரர் 18 ஆண்டுகளும், மாணிக்கவாசகர் 32 ஆண்டுகளும் இம்மண்ணுலகில் வாழ்ந்ததாக மரபு கூறும். முதுமையைக் கண்டவர் திருநாவுக்கரசர் ஒருவரே. 81 ஆண்டுகள் வாழ்ந்த அப்பெருமானின் வரலாறு, தளர்ந்த உடம்போடும் இறைவனைப் பாடுவது எவ்வாறு என்பதற்குச் சான்றாகத் திகழ்கிறது.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகப் பிறந்தவர் மருள்நீக்கியார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தமக்கையார் திலகவதியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். பின்னர்ச் சமண சமயம் சார்ந்து தருமசேனர் என்னும் பெயரோடு சிறப்புற்றார். கொடிய சூலை நோய் அவரைத் தமக்கையாரிடமே திரும்பக் கொணர்ந்தது. திருவதிகை வீரட்டானத்தில் முதற்பதிகம் பாடியபோது நோய் நீங்கியது. நாவுக்கரசர் என்னும் பெயரும் இறையருளால் கிடைத்தது.

அன்று முதல் நாவால் பாடுவதும், கையால் உழவாரம் பற்றித் திருக்கோயில்களில் புல் செதுக்குவதும் அவருடைய இரு தொண்டுகளாயின. சீகாழியில் பாலகராகிய சம்பந்தர் அவரை அன்போடு அப்பரே என்றழைக்க, அதுவே அவருக்குப் பெயராக நிலைத்தது. முதியவரும் இளையவரும் அடியார் திருக்கூட்டத்தோடு ஊர் ஊராகச் சென்று பாடினர். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இருவருக்கும் நாள்தோறும் பொற்காசு அருளப்பட்டது. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி இருந்தது; அப்பர் பெற்ற காசுக்கு இல்லை. உடல் வருந்திச் செய்த கைத்தொண்டே அதற்குக் காரணம் என்பர் பெரியோர்.

இருவரும் திருமறைக்காட்டை அடைந்தபோது, மறைகள் பூசித்து அடைத்துச் சென்ற கதவு திறவாமல் இருந்தது. சம்பந்தர் வேண்ட அப்பர் பாடினார். கதவு உடனே திறக்கவில்லை. பதிகத்தின் நிறைவுப் பாடலில்தான் திறந்தது. பின்னர் அது மீண்டும் அடைபடச் சம்பந்தர் பாட, முதற்பாடலிலேயே அடைத்துக்கொண்டது. தாம் திறப்பித்தது அரிதாகவும் இளையவர் அடைப்பித்தது எளிதாகவும் ஆயிற்றே என்று அப்பர் அன்றிரவு உள்ளம் நொந்தார். ஆயினும் அவ்வருத்தம் பொறாமையாக மாறவில்லை. பாடுவதையும் அவர் நிறுத்தவில்லை. பிறகு திருவாய்மூரில் சம்பந்தர் கண்டு காட்ட, இறைவனின் திருக்காட்சியைத் தாமும் கண்டு பாடி மகிழ்ந்தார்.

திருக்காளத்தியை வணங்கியபின் கயிலை காணும் வேட்கை மேலிட, வடதிசை நோக்கி நடந்தார் அப்பர். நடந்து நடந்து பாதங்கள் தேய்ந்தன. கைகளை ஊன்றித் தவழ்ந்தார், கைகளும் தேய்ந்தன. மார்பால் உந்தினார், உடம்பால் புரண்டார். முனிவர் வடிவில் தோன்றிய இறைவன் திரும்பிப் போகச் சொல்லியும் அவர் இசையவில்லை. முடிவில் இறையருளால் உடம்பு நலம் பெற்று, அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுத் திருக்குளத்தில் எழுந்தார். கயிலைக் காட்சியும் அங்கேயே கிடைத்தது. உடம்பு தோற்ற இடத்திலும் அவருடைய உறுதி தோற்கவில்லை என்பதைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் உருக்கத்தோடு காட்டுகிறார்.

திருப்பூந்துருத்தியில் அப்பர் தங்கியிருந்தபோது சம்பந்தர் முத்துச் சிவிகையில் அவரைக் காண வந்தார். கூட்டத்துள் புகுந்து, யாரும் அறியாமல் அச்சிவிகையைத் தம் முதிய தோளில் தாங்கினார் அப்பர். அவர் எங்கே என்று சம்பந்தர் வினவியபோது, தாம் சிவிகை தாங்கி வருவதை உரைத்தார். சம்பந்தர் பதறி இறங்கி வணங்க, அப்பரும் எதிர்வணங்கினார்.

இறுதிக் காலத்தில் திருப்புகலூரில் தங்கினார். அங்கும் உழவாரம் ஓயவில்லை. திருமுற்றத்தில் பொன்னும் நவமணிகளும் கிடக்க, அவற்றைப் பருக்கைக் கற்களோடு வாரிக் குளத்தில் எறிந்தார். சித்திரைச் சதய நாளில், பாடியபடியே இறைவன் திருவடியில் கலந்தார். அவர் அருளியவற்றுள் இன்று கிடைக்கும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பதிகங்கள் 4, 5, 6ஆம் திருமுறைகளாக விளங்குகின்றன.

நம் மலேசியத் திருக்கோயில்களில் திருமுறை ஓதும் குழுக்களில் முதியோர் பலர் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். முழங்கால் மடங்காது; மூச்சு நீளாது; எழுத்து மங்கித் தெரியும். இனி நமக்கேன் என்று ஒதுங்க நினைப்போரும் உண்டு. ஆனால் கூட்டாகப் பாடும்போது ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தை மற்றவர் குரல் நிரப்புகிறது; இளையோர் மறந்த அடியை முதியோர் நினைவு தாங்குகிறது. அப்பரும் சம்பந்தரும் காட்டிய வழி இதுவே. ஆகவே, முதியோருக்கு முன்வரிசையில் நாற்காலி இட்டு, அவர்களுடைய குரலுக்கேற்பச் சுருதியைச் சற்றே இறக்கிப் பாடுவது அப்பர் பெருமானுக்கு நாம் செய்யும் சிறந்த வழிபாடாகும்.

திருச்சிற்றம்பலம்.