காற்றால் ரெயிலை நிறுத்திய வெஸ்டிங்ஹவுஸ்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் சாலைகளில் கரி மூட்டையும் மிளகாய் மூட்டையும் ஏற்றிய டிராக்டர்களை அடிக்கடி காணலாம். அவை இழுத்துச் செல்லும் டிரெய்லர்களில் பல, உள்ளூர்ப் பட்டறைகளிலே இரும்பை வெட்டிப் பற்றவைத்துச் செய்தவை. பலவற்றுக்குத் தனியாக பிரேக் கிடையாது. கண்மாய்க் கரைச் சரிவில் இறங்கும்போது டிராக்டரின் பிரேக்தான் இரண்டு வண்டிகளின் பாரத்தையும் தாங்க வேண்டும். நடுவில் உள்ள கொக்கி கழன்றுவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு 1872-ஆம் ஆண்டிலேயே விடை கண்டவர், அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்.

பட்டறையில் வளர்ந்த பிள்ளை

நியூயார்க் மாகாணத்திலுள்ள சென்ட்ரல் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1846 அக்டோபர் 6-ந் தேதி வெஸ்டிங்ஹவுஸ் பிறந்தார். தந்தை கதிரடிக்கும் யந்திரங்கள் செய்து விற்றவர். பையனுக்குப் பாடப் புத்தகத்தைவிடப் பட்டறையிலேதான் மனம் சென்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தரைப்படையிலும் கடற்படையிலும் பணியாற்றித் திரும்பியவர், 19-வது வயதில் ஒரு நீராவி யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

அக்காலத்தில் ரெயிலை நிறுத்துவது பெரும்பாடு. என்ஜின் டிரைவர் ஊதல் கொடுத்ததும், பிரேக்காரர்கள் ஒவ்வொரு வண்டியாகத் தாவிச் சென்று கைச்சக்கரத்தைத் திருகி பிரேக்கை இறுக்குவார்கள். அதற்குள் ரெயில் வெகுதூரம் ஓடிவிடும். எதிரெதிரே வந்த இரண்டு சரக்கு ரெயில்கள் ஒரு சமயம் மோதிக்கொண்டன. டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டும் நிறுத்த முடியவில்லை. அவ்வழியே பிரயாணம் செய்த வெஸ்டிங்ஹவுஸின் மனத்தில் அந்தக் காட்சி பதிந்துவிட்டது.

முதலில் நீராவியால் பிரேக் போடலாமா என்று யோசித்தார். நீண்ட குழாயில் போகும்போதே நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். அப்போது ஆல்ப்ஸ் மலையில் அழுத்திய காற்றைக் கொண்டு சுரங்கம் குடைவதைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்தார். காற்று எவ்வளவு தூரம் போனாலும் காற்றாகவே இருக்கும் அல்லவா? 1869-ல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில் கம்பெனியும் தொடங்கினார்.

தலைகீழான யோசனை

அந்த முதல் பிரேக்கில் ஒரு குறை இருந்தது. என்ஜினிலிருந்து காற்று போனால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக் இல்லை. ரெயில் இரண்டாகப் பிரிந்தால் பின்பகுதியை நிறுத்த வழியே இல்லை. அதாவது, மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கைவிட்டுவிடும்!

வெஸ்டிங்ஹவுஸ் ஏற்பாட்டையே தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு காற்றுத் தொட்டியை வைத்தார். குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் தொட்டியிலுள்ள காற்று பாய்ந்து சக்கரத்தைப் பிடித்துவிடும். வண்டி கழன்றாலும் குழாய் அறுந்தாலும் இரண்டு பகுதிகளும் தாமாகவே நின்றுவிடும். இது 1872-ல் நடந்தது.

இதன் அருமையை உலகுக்கு உணர்த்தியது ஒரு பெருந்துயரம். 1889 ஜூன் 12-ந் தேதி, அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊருக்கு அருகே, குழந்தைகள் நிறைந்த உல்லாசப் பிரயாண ரெயில் ஒன்று மேட்டில் ஏற முடியாமல் நின்றது. சிப்பந்திகள் பின்வண்டிகளைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார்கள். அந்த ரெயிலில் இருந்தது, கழற்றியதும் செயலற்றுப் போகும் பழைய ரக பிரேக். கற்கள் நொறுங்கின, கைப்பிரேக் தாங்கவில்லை. பின்வண்டிகள் சரிவில் உருண்டோடி, பின்னால் வந்த ரெயிலில் மோதின. ஏறக்குறைய 80 பேர் மாண்டனர். அதே ஆண்டில், பிரயாணிகள் ரெயில்களில் தானாகப் பிடிக்கும் பிரேக் கட்டாயம் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்தது. அமெரிக்காவில் அத்தகைய சட்டம் 1893-ல் வந்தது.

வெஸ்டிங்ஹவுஸ் பிறகு மின்சாரத் துறையில் இறங்கி, டெஸ்லாவின் கண்டுபிடிப்புகளை வாங்கி, மாறுதிசை மின்சாரத்தைப் பரப்பினார். 1907-ல் ஏற்பட்ட பண நெருக்கடியில் தம் மின்சாரக் கம்பெனியின் நிர்வாகத்தை இழந்தார். 1914 மார்ச் 12-ந் தேதி காலமானார்.

பாடிக்கு வந்த பெயர்

ரெயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பதற்கும் அந்தத் தத்துவமே காரணம். சென்னை பாடியில் லாரி, பஸ்களுக்கான காற்று பிரேக் செய்வதற்காக 1962-ல் சுந்தரம் கிளேட்டன் கம்பெனி ஏற்பட்டது. அதன் பிரேக் தொழில் பிற்காலத்தில் வாப்கோ என்ற பெயரைத் தாங்கியது. வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக் கம்பெனி என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அந்தப் பெயர்!

பட்டறையில் டிரெய்லர் செய்கிறவர்களுக்கும் அவருடைய வாழ்க்கையில் பாடம் உண்டு. முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முட்டுகிற விசையாலே பிடிக்கும் பிரேக் எளிமையானது. ஆனால் கொக்கி கழன்றால் முட்டுவதற்கு வண்டி ஏது? ஆகவே டிரெய்லரின் பிரேக் நெம்புகோலை ஒரு கம்பியால் டிராக்டரோடு இணைப்பது அவசியம். டிரெய்லர் விலகியதும் கம்பி இழுத்து பிரேக்கைப் போட்டுவிடும். காற்று பிரேக் வைப்பதானால், காற்று இறங்கியதும் சுருள்வில் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும் ரகமே நல்லது.

எல்லாம் சரியாக இருக்கும்போது எந்த பிரேக்கும் பிடிக்கும். அறுந்த பிறகும் பிடிக்குமா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.