இமையும் ஒளியும் தந்த ஒடெசா மருத்துவர்

இமை மூடாவிடில் விழியின் ஈரம் வற்றும், கருவிழி புண்ணாகும், நாளடைவில் பார்வையே பறிபோகும். ஆகவே, சிதைந்த இமையைச் சீரமைப்பது வெறும் அழகுக்கான சிகிச்சை அன்று.

இதனை நன்குணர்ந்தவர் விளாதிமிர் ஃபிலாத்தோவ். 1875-இல் ரஷ்யாவில் பிறந்து, மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று, ஒடெசா நகரில் கண் மருத்துவராகப் பணியாற்றியவர். 1916-இல் கீழிமையை இழந்த நோயாளி ஒருவரின் கழுத்துத் தோலைப் பட்டையாக எழுப்பி, குழாய்போல் சுருட்டித் தைத்தார். இரு முனைகளும் உடலோடு ஒட்டியிருந்ததால் இரத்த ஓட்டம் தடைப்படவில்லை. உட்புறம் மூடப்பட்டதால் தொற்றும் குறைந்தது. பின்னர் அத்தோலைக் கொண்டே இமையை அமைத்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் ஹெரால்டு கில்லீஸ், இவரை அறியாமலேயே, போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இம்முறையைக் கையாண்டார்.

இமைக்கு நோயாளியின் தோலே உதவும்; கருவிழிக்கோ பிறர் கண் வேண்டும். உயிருள்ளோரிடமிருந்து நோய் காரணமாக அகற்றப்பட்ட கண்களையே அன்று பெரிதும் நம்பியிருந்தனர். தேவைக்கு அவை எம்மூலைக்கு? இறந்தோரின் கண்களைக் குளிரில் பாதுகாத்து, 1931 முதல் அவற்றின் கருவிழிகளைப் பொருத்தி ஃபிலாத்தோவ் வெற்றி கண்டார். பொருளியலார் நோக்கில், அளிப்பின் எல்லையையே அவர் விரித்தார்.

அவருடைய திசு சிகிச்சைக் கோட்பாடு காலத்தை வென்று நிற்கவில்லை. ஆயினும் 1956-இல் மறைந்த அவர் காட்டிய வழி நிலைத்துவிட்டது. அறிவியல் தன் கடனை ஆற்றிவிட்டது. எஞ்சியிருப்பது, இறப்புக்குப் பின் நம் கண்களை அளிக்கும் இசைவு மட்டுமே.