18 வயசு வரை எழுதப் படிக்கத் தெரியாது... பிறகு பவுண்டு நோட்டில் படம்!

1781-ல் இங்கிலாந்தின் வைலம் கிராமத்தில் பிறந்தவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை. மகனைப் பள்ளிக்கூடம் அனுப்ப வசதியில்லை. 18 வயசு வரை எழுத்தே தெரியாத ஜார்ஜ், தன் சம்பளக் காசில் இரவுப் பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொண்டார்.

பின்னாளில், நிலக்கரி கொண்டுபோக ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில் பாதை போடும் பொறுப்பு அவரிடம் வந்தது. வழியில் கான்லெஸ் ஆற்றின் மேல் இரும்புப் பாலம் கட்டினார். வெள்ளம் வந்து சேதமாக்கிடுச்சு!

அடுத்தது டார்லிங்டனில் ஸ்கெர்ன் ஆறு. இந்த முறை, கட்டடக் கலைஞர் இக்னேஷியஸ் பொனோமியின் உதவியைக் கேட்கச் சொன்னது நிர்வாகம். ஜார்ஜும் கேட்டார். பொனோமி வடிவமைத்த கல் பாலம் எழுந்தது. 1825 செப்டம்பர் 27-ல் முதல் ரயிலை ஓட்டியவர் ஜார்ஜேதான்.

1848-ல் அவர் மறைந்தார். 1990-ல் வந்த 5 பவுண்டு நோட்டில் அவர் முகம். கூடவே அந்தக் கல் பாலம். பொனோமியின் முகம் மட்டும் இல்லை.

இரும்புப் பாலம் இப்போது மியூசியத்தில். கல் பாலத்தில் இன்னிக்கும் ரயில் ஓடுது. தெரியாததை இன்னொருத்தர்கிட்ட கேட்டா குறைஞ்சா போயிடுவோம்?