ஒரு முன்சீப் கேட்ட கேள்வி... உ.வே.சா-வைப் புரட்டிப்போட்ட சிந்தாமணி!

ஒரு புத்தகத்தோட முதல் பக்கத்தைப் பார்த்துட்டு, இது நமக்கு செட் ஆகாதுன்னு மூடி வெச்ச அனுபவம் நம்ம எல்லாருக்கும் இருக்கும். உ.வே.சாமிநாதையருக்கு நடந்தது வேற மாதிரி. கண்ணால் பார்க்காத ஒரு நூலை, கிடைத்தால் படித்துவிடலாம் என்று தைரியமாக நினைத்தார்.

அது 1880. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த வருஷம், வயது 25. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் செல்லப்பிள்ளை. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று படித்து முடித்த லிஸ்ட்டே பெருசு.

அக்டோபர் 21-ம் தேதி, ஊருக்குப் புதிதாக வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் வரிசையாகச் சொன்னார். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. (இன்டர்வியூவில் ரெஸ்யூமே முழுக்க ஒப்பிச்ச பிறகும் எதிர்ல இருக்கறவர் அசையலைன்னா எப்படி இருக்கும்!) சீவக சிந்தாமணி மாதிரி பழைய நூல்களைப் படித்ததுண்டா என்பதுதான் அவர் கேள்வி. பிரதி கிடைத்தால் படித்துவிடுவேன் என்றார் இவர். பிரதியும் கிடைத்தது, முதலியாரிடமிருந்தே.

பிரித்தால், கடவுள் வாழ்த்திலேயே வண்டி நின்றுவிட்டது. தமிழ் புரிந்தது, எந்தக் கடவுளை வாழ்த்துகிறது என்பது பிடிபடவில்லை. எழுதிய திருத்தக்கதேவர் ஒரு சமண முனிவர். இவர் படித்ததெல்லாம் சைவ மடத்தில். அங்கே சிந்தாமணிக்கு நல்ல பெயரும் கிடையாது. சோழ மன்னன் அந்தக் கதையிலேயே மயங்கிக் கிடந்ததால்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவ மரபு சொல்லும் கதை. சீவகன் எட்டுப் பேரை மணந்ததை மட்டும் கேட்டால் யாருக்குமே அப்படித்தான் தோணும். கடைசியில் அவன் அரியணையை விட்டுத் துறவியாகிறான் என்பதை, 3,000 பாட்டுகளைத் தாண்டி வந்தவர்தானே அறிவார்?

கும்பகோணத்திலேயே சமணர்கள் இருப்பது தெரிந்து, ஒரு வீட்டைத் தேடிப் போனார். வாசலில் தோரணம், கோலம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், பல மாதங்களாகப் படித்துவந்த சிந்தாமணியை அன்றைக்குத்தான் முடித்திருந்தார்களாம். கல்லூரி வாத்தியாருக்கே புரியாத நூல், அந்த வீட்டில் பண்டிகை! கூச்சப்படாமல் அவர்களிடமே சந்தேகம் கேட்கத் தொடங்கினார். கேட்கக் கேட்க, திருத்தக்கதேவர் அவருக்கு வேறு ஆளாகத் தெரிந்தார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு விஷயம். சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், பழைய பாட்டுகளை நிறைய மேற்கோள் காட்டுவார். எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். உ.வே.சா-வுக்கு அது எரிச்சல். பிறகு மடத்தில் பழைய சுவடிக் கட்டுகளைப் புரட்டியபோது, அந்த வரிகள் அங்கே இருந்தன. பத்துப்பாட்டு, எட்டுத்தொகை! அதுவரை அவர் படித்தறியாத சங்க இலக்கியம், ஓர் உரைகாரரின் பழக்கத்தால் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

சமணர் நூலைச் சைவ மடத்துப் பிள்ளை அச்சுப் போடுவதா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனாலும் 1887-ல் சிந்தாமணி வெளிவந்தது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை... அப்புறம் அவர் நிற்கவே இல்லை.

1940-ல், 80 வயதைத் தாண்டிய பிறகு, தன் வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுத ஆரம்பித்தார். 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது தொடர் முடியாமலே நின்றுபோனது. ஆனால் முதலியார் வீட்டில் தன் லிஸ்ட் எடுபடாமல் போன அந்த நாளை அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வியாழக்கிழமை என்று கிழமை உட்பட.