அலையைச் சுருக்கிய அறிஞர்: ஜகதீஸ் சந்திர போஸ்



கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச், காதில் மாட்டும் வயரில்லா ஹெட்செட், நெஞ்சில் ஒட்டும் இதயத்துடிப்புக் கருவி என்று எதை எடுத்தாலும் உள்ளே ஒரு ஆன்டெனா ஒளிந்திருக்கிறது. வீட்டு மாடியில் மீன்முள் மாதிரி நின்ற ஆன்டெனா எப்படி இவ்வளவு சின்னதாச்சு? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் 24 சதுர அடி அறைக்குள் வேலை செய்த ஒரு இந்தியரிடம்தான் போய் நிற்போம். செடிகளுக்கு உணர்ச்சி உண்டு என்று காட்டியவர் என்றே பள்ளியில் அவரைப் படித்தோம். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நமக்கு அவருடைய இன்னொரு முகமே முக்கியம்.

பிறப்பும் படிப்பும்

1858 நவம்பர் 30-ல், இன்று பங்களாதேஷில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. வசதி இருந்தும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். வேலையாள் மகனும் மீனவர் மகனும் பக்கத்து மாணவர்கள். பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரி. 1880-ல் லண்டனுக்கு டாக்டர் படிப்புக்குப் போனார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. கேம்பிரிட்ஜுக்கு மாறி அறிவியல் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியர், பெரிய இயற்பியலாளர் ரேலே பிரபு.

சம்பளம் வாங்காத மூன்று வருடம்

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அப்போது ஐரோப்பியர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. இவர் நியமனம் தற்காலிகம் என்று அதிலும் பாதியைக் குறைத்தார்கள். போஸ் சத்தம் போடவில்லை, வகுப்பையும் நிறுத்தவில்லை. ஆனால் சம்பளத்தை மட்டும் தொடவே இல்லை. அப்பாவின் கடன் தலைக்கு மேல் இருந்த காலம் அது! 1887-ல் அபலாவைத் திருமணம் செய்தபோதும் இதே நிலைதான். (கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவப் படிப்பு இடம் கிடைக்காததால் 1882-ல் நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தவர் அபலா.) மூன்று வருடம் கழித்து நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பாக்கியோடு கைக்கு வந்தது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற நியாயம் ஷிப்ட் வேலை பார்க்கும் நம்ம பனியன் கம்பெனி பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஐந்து மில்லிமீட்டர்

36-வது பிறந்த நாளில் இனி ஆராய்ச்சியே வாழ்க்கை என்று முடிவு செய்தார். லேப் கிடையாது, பண உதவியும் கிடையாது. உள்ளூர் தகர வேலைக்காரர் ஒருவரைப் பழக்கி, கருவிகளைச் செய்து வாங்கினார். ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலைகளின் நீளம் 66 சென்டிமீட்டர் அளவில் இருந்தது. அதை ஆராயப் பெரிய பெரிய கண்ணாடிகளும் பட்டகங்களும் தேவை. சின்ன அறைக்கு அது சரிப்படாது. அறையைப் பெரிதாக்க முடியாது, அலையைச் சின்னதாக்கலாமே என்று போனார் போஸ். 25 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை கொண்டு வந்துவிட்டார்! இன்றைய கணக்கில் 5 மில்லிமீட்டர் என்பது 60 கிகாஹெர்ட்ஸ்.

அலை சுருங்கியதும் கருவியும் மேஜை மேல் அடங்கிவிட்டது. அலையைப் பிடிக்க அவர் வைத்த புனல்தான் இன்று நாம் ஹார்ன் ஆன்டெனா என்று படிப்பது. ரயில்வே டைம்டேபிள் புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே ஈயத்தாள் செருகி அதையே போலரைசர் ஆக்கினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், முறுக்கிய சணல் நாரையும் அலைக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். முறுக்கு எந்தப் பக்கமோ அதற்கேற்ப அலையின் அதிர்வுத் தளம் திரும்பியது. 1898-ல் வெளிவந்த ஆய்வு இது. நூல் முறுக்கு தெரிந்த நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா?

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன் செய்து காட்டினார். சுவர்களைத் தாண்டி 75 அடி தள்ளி ஒரு மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. வழியில் கவர்னரின் உடம்பும் இருந்தது என்று அவர் வரலாற்றை எழுதிய பேட்ரிக் கெடஸ் குறிப்பிடுகிறார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசினார்.

காப்புரிமை

இரும்பும் பாதரசமும் கொண்ட அலை உணரியை 1899-ல் ராயல் சொசைட்டியில் விளக்கினார். 1901-ல் மார்கோனி அட்லாண்டிக் கடந்து சிக்னல் வாங்கியபோது பயன்பட்ட உணரி இதே வகை என்று 1998-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை தடயம் காட்டியது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மார்கோனி தேடியது தூரம், போஸ் தேடியது அலையின் குணம். ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் திருடன் ஆக்க வேண்டியதில்லை. அறிவை விற்க போஸுக்கு மனமில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் கலீனா படிக உணரிக்கு மட்டும் அமெரிக்கக் காப்புரிமை கேட்டார். 1904-ல் கிடைத்தது. அதை வைத்துப் பணம் பண்ணவில்லை.

பிறகு செடிகள் பக்கம் திரும்பினார். 1917-ல் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் மறைந்தார். அவருடைய மில்லிமீட்டர் அலை ஆய்வை 2012-ல் உலக மின் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. மைல்கல்லாக அறிவித்தது.

நமக்கு என்ன வேலை?

ஆன்டெனாவின் நீளம் அலைநீளத்தைப் பொறுத்தது. புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு சுமார் 3 சென்டிமீட்டர். வாட்சுக்குள் மடக்கித்தான் வைக்க வேண்டும். 60 கிகாஹெர்ட்ஸில் கால் பங்கு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான்! ஆனால் அந்த அலை தோலில் அரை மில்லிமீட்டர் அளவிலேயே அடங்கிவிடும். காற்றில் உள்ள ஆக்சிஜனும் அதை உறிஞ்சும். கிட்டத்து வேலைக்கே ஆகும்.

உடம்பில் பெரும்பகுதி உப்புத் தண்ணீர். ஆன்டெனா அருகில் வந்தால் ஒத்ததிர்வு கீழே இறங்கும், சக்தியும் குறையும். அதனால் உடம்புக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஒரு கிரவுண்ட் தகடு வைப்பார்கள். மின்சாரம் கடத்தும் நூலால் துணியிலேயே ஆன்டெனா தைப்பதும் உண்டு. இங்கேதான் நம் துறை வருகிறது. பின்னல் துணி இழுத்தால் நீளும், நீண்டால் அதிர்வெண் மாறும். வியர்வை பட்டால் பருத்தியின் மின்கடவா மாறிலி கூடும். துவைத்தால் வெள்ளிப் பூச்சு தேயும். இழுவை, வியர்வை, சலவை மூன்றும் குண்டடத்திலிருந்து திருப்பூர் வரை வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. ஆன்டெனா படித்தவனுக்குத் துணி தெரியாது, துணி தெரிந்தவனுக்கு ஆன்டெனா தெரியாது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும் வாய்ப்பு நமக்கு உண்டு.

லேப்பில் கருவி போதவில்லை என்று புராஜெக்டைக் கடையில் வாங்கி வைப்பதை விட்டுவிடுவோம். இரண்டு நிட்டிங் துணி, கொஞ்சம் செப்புத் தாள், ஒரு புளூடூத் மாட்யூல், ஒரு செல்போன் போதும். காய்ந்த துணியில் எத்தனை அடி வரை சிக்னல் வருகிறது, நனைந்த துணியில் எத்தனை அடி என்று அளந்து எழுதுவோம். அளந்ததைத் தேதி போட்டு நோட்டில் பதிவு செய்வோம். 24 சதுர அடியில் ஒருவர் செய்து காட்டிவிட்டார். நம் லேப் அதைவிடப் பெரியதுதான் நண்பர்களே!