லாரன்ஸ் ஹார்கிரேவும் பெட்டிப் பட்டமும்

நம் மொழியிலே பட்டம் என்னுஞ் சொல்லுக்குப் பொருள் பல. கல்லூரி மாணாக்கர் ஆண்டுக்கணக்கிற் கண்விழித்துப் பெற விழைவது ஒன்று. சிறுவர் நூலிற் கட்டிக் காற்றிலே பறக்க விடுவது மற்றொன்று. முன்னதைப் பெறாமலே நின்று, பின்னதனால் உலகறிந்த பெயர் எய்தியவர் ஒருவர் உளர். அவரே ஆஸ்திரேலிய நாட்டிலே வாழ்ந்த லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர்.

இவர் 1850-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 29-ஆம் நாள், லண்டன் மாநகரை அடுத்த கிரீனிச்சிற் பிறந்தார். தந்தையார் நியூ சௌத் வேல்ஸ் சென்று அங்கே நீதிபதியாய் விளங்கியவர். மைந்தரும் 1865-ஆம் ஆண்டில் சிட்னி சேர்ந்தார். கணிதத்திலே நல்ல திறமை வாய்ந்தவராயிருந்தும், பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சையில் இவர் தேறவில்லை. ஆகவே 1867-இல் ஒரு நீராவிக் கப்பற் கம்பெனியின் பட்டறையில் தொழில் பழகப் புகுந்தார். இத்தோல்வியை நல்லூழ் என்றே யாம் கருதுகின்றோம். இரும்பையும் மரத்தையும் தம் கையாலேயே அறுத்து இணைக்கும் ஆற்றலை எந்தப் பரீட்சையும் இவர்க்கு அளித்திராது.

பட்டறையை விட்டபின் நியூகினியாத் தீவின்மேல் இவர்க்கு மோகம் பிறந்தது. 1872-இல் அங்குச் செல்லப் புறப்பட்ட கப்பல் பவளப் பாறையில் மோதி உடைந்தது. உடன் சென்றோரிற் பலர் மாண்டனர். இவர் உயிர் தப்பினார். அதன் பின்னும் அஞ்சாது, அத்தீவின் ஆறுகளை ஆராயச் சென்ற குழுக்களில் இயந்திரத் தொழிலாளராய்ச் சேர்ந்துழைத்தார். 1878 முதல் ஐந்தாண்டுகள் சிட்னி வானாராய்ச்சி நிலையத்தில் துணைவராயிருந்தார். குடும்பச் சொத்தின் வருவாய் போதுமானதாகவே, 1883-இல் அவ்வேலையையும் துறந்து, மனிதன் பறத்தல் கூடுமா என்னும் ஒரே வினாவுக்குத் தம் வாழ்நாளை ஒப்படைத்தார்.

முதலிலே பறவையைப் போலச் சிறகடிக்கும் சிறு பொறிகளைச் செய்தார். ரப்பர் முறுக்காலும், குழாயில் அடைத்த காற்றாலும் அவற்றை இயக்கினார். அவற்றுள் ஒன்று 300 அடிக்கு மேற் பறந்ததுண்டு. 1889-இல் உருளைகளே சுழலும் இயந்திரம் ஒன்றையும் அமைத்தார். ஆயினும் ஓர் ஆளைத் தாங்கவல்ல உறுதியான இறக்கை யாதென்பதை முதலில் அறிதல் வேண்டுமென உணர்ந்து, 1893-இல் சிட்னிக்குத் தெற்கேயுள்ள ஸ்டான்வெல் பார்க் என்னும் கடற்கரைச் சிற்றூரிற் குடியேறிப் பட்டங்களைப் பரிசோதிக்கலானார்.

நம் சிறுவர் விடும் தட்டைப் பட்டத்துக்கு வால் இன்றியமையாதது என்பதை யாவரும் அறிவர். வாலறுந்த பட்டம் குட்டிக்கரணம் போட்டு வீழும். ஹார்கிரேவ் செய்த பட்டமோ வாலற்றது. முன்னும் பின்னும் திறந்த இரண்டு துணிப் பெட்டிகளை, இடையே வெளிவிட்டுக் கழிகளால் இணைத்தார். பெட்டிகளின் மேற்பரப்பும் கீழ்ப்பரப்பும் காற்றால் உந்தப்பெற்று மேலெழும். பக்கச் சுவர்கள் பட்டம் திசைமாறாது காக்கும். இத்துணை எளிய அமைப்பு அதுவரை ஒருவர் கண்ணுக்கும் புலப்படாதது வியப்பே!

1894-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் நாள், மணிக்கு 21 மைல் வேகத்திற் காற்று வீசிக்கொண்டிருந்தது. இத்தகைய பட்டங்கள் நான்கை ஒரே கயிற்றிற் கோத்துப் பறக்கவிட்டு, கயிற்றின் அடியை மணல் மூட்டைகளிற் பிணித்து, அதில் தொங்கிய இருக்கையில் ஹார்கிரேவ் ஏறி அமர்ந்தார். உதவிக்கு நின்றவர் ஜேம்ஸ் ஸ்வெயின் என்னும் காவற்காரர். பட்டங்கள் அவரைத் தரையினின்று 16 அடி உயரத் தூக்கின. ஊர் கூடி ஆரவாரிக்கவில்லை. அவரோ காற்றின் விசையையும் கயிற்றின் இழுவையையும் அளந்து குறித்துக்கொண்டார்.

இனி இவரது குணச்சிறப்பைக் கூறுவோம். கண்டவற்றுள் ஒன்றுக்கேனும் இவர் காப்புரிமை பெற்றாரல்லர். ஒருவன் தன் கருத்தை ஒளித்துவைத்தால் அனைவர் முயற்சியும் தாமதப்படும் என்பது இவர் துணிபு. படங்களையும் அளவுகளையும் நியூ சௌத் வேல்ஸ் ராயல் சங்கத்தார் முன் வாசித்து, கேட்டவர்க்கெல்லாம் கடிதமும் எழுதினார். மனிதன் பறந்தால் நாடுகளுக்கிடையேயுள்ள வேலிகள் அழிந்து சமாதானம் நிலவும் என்றும் நம்பினார். (ஸ்பானியக் கப்பல்கள் முற்காலத்தே சிட்னித் துறைமுகம் வந்தன என்றும் முதுமையில் நம்பினார், அதனை ஏற்பார் இலர்.) பொறிகொண்டு பறக்கும் பேறு இவர்க்கு வாய்க்கவில்லை, ஆளைச் சுமக்கத்தக்க இலேசான இயந்திரம் கடைசிவரை இவர் கைக்கு எட்டவில்லை. ஆயினும் இவர் விதைத்தவை பிற நாடுகளில் விளைந்தன. அமெரிக்காவின் புளூ ஹில் நிலையத்தார் பெட்டிப் பட்டங்களில் வெப்பமானி முதலிய கருவிகளைக் கட்டி உயர விட்டு, மேல்வானின் நிலையை அளந்தனர். 1906-இல் பாரிஸ் நகரத்தார் வியந்து நோக்கச் சாந்தோஸ் துமோன் பறந்த விமானத்தின் இறக்கைகள், வரிசையாக இணைத்த ஹார்கிரேவ் பெட்டிகளே.

தாம் செய்த மாதிரிப் பொறிகளைப் பொதுமக்கள் காணும்படி வைக்க வேண்டுமென இவர் விரும்பினார். சொந்த நாட்டார் அவற்றிற்குத் தக்க இடமளிக்க முன்வரவில்லை. முடிவில் ஜெர்மனியின் மூனிக் நகரப் பொருட்காட்சிச்சாலையார் மனமுவந்து கேட்க, 1910-இல் நூற்றுக்கு மேற்பட்ட பொறிகளை அவர்க்கே கொடையாக அளித்தார்.

நான்காண்டில் யுத்தம் மூண்டது. ஒரே மைந்தன் ஜெப்ரி, 1915 மே மாதத்திற் கல்லிப்போலிப் போர்முனையில் மாண்டான். அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே தந்தையும் நோயுற்று, சிகிச்சைக்குப் பின்னும் தேறாது உயிர்நீத்தார்.

நெடுநாட் கழித்து ஆஸ்திரேலியர் இவரை நினைந்தனர். 1966 முதல் 1994 வரை வெளியான அந்நாட்டு இருபது டாலர் நோட்டின் ஒரு புறத்தில் இவர் உருவம் விளங்கியது. மூனிக்கிற்குச் சென்ற பொறிகளுட் பெரும்பாலன இரண்டாம் உலகப் போரில், ஆகாய விமானங்கள் வீசிய குண்டுகளால் அழிந்தன. எஞ்சிய சிலவே சிட்னிக்குத் திரும்பி வந்தன.