காமா பயில்வானின் உண்மை உயரம்

மல்லர் உலகிற் காமா என்னும் பெயரைக் கேள்வியுறாதார் சிலரே. ஆயினும் அவர் எத்தனை அடி உயரமுடையவர் என்று வினவினால் ஆளுக்கொரு விடை வரும். எமது சங்கத்து இளைஞரிடையே ஒருநாள் இவ்வாதம் எழுந்தது. ஒருவர் ஆறரை அடி என்றார். மற்றொருவர் ஏழடிக்குச் சற்றுங் குறையாது என்று சாதித்தார். உடற்பயிற்சி வகுப்பிற் சேர வந்திருந்த குள்ளமான தம்பி ஒருவர் இதைக் கேட்டு முகம் வாடி நின்றார். அவர் பொருட்டே இவ்விடயத்தை ஆராயத் துணிந்தோம்.

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது. 1878ஆம் ஆண்டு, மல்லர் குடும்பமொன்றிலே பிறந்தவர். ஏறக்குறைய ஆறு வயதிலே தந்தையை இழந்தார். பாட்டனாரும், அவருக்குப்பின் மாமனாரும் அவரை வளர்த்துப் பயிற்றினர். 1888ஆம் ஆண்டு யோத்பூர் மகாராசா நடாத்திய போட்டியில் 400க்கு மேற்பட்ட மல்லருடன் 10 வயதுப் பாலகனாகிய காமாவும் இறங்கினார். பைட்டக் எனப்படும் இருந்தெழும் பயிற்சியைச் சளையாது செய்து கடைசி 15 பேருள் ஒருவராக நின்றார். வயதை நோக்கி மகாராசா அவரையே வெற்றியாளராக்கினார். பின்னர் தத்தியா மன்னரின் ஆதரவு கிடைத்தது.

வளர்ந்தபின் நாளொன்றுக்கு 5,000 பைட்டக்கும் 3,000 தண்டாலும் செய்தார் என்பர். இது புனைந்துரையோ என்று நாமும் முதலில் ஐயுற்றோம். ஆனால் இரண்டு விநாடிக்கு ஒன்றாகக் கணக்கிட்டால் 5,000 பைட்டக்குக்கு மூன்று மணித்தியாலமும் செல்லாது. ஆகவே அதை நம்பலாம். பரோடாவில் 1902இல் 1,200 கிலோகிராம் நிறையுள்ள கல்லைத் தூக்கினார் என்னும் கதைதான் நம்பத்தக்கதன்று. இன்றுவரை எந்த வீரரும் அதிற் பாதி நிறையைத்தானும் தரையிலிருந்து கைகளால் எடுத்ததில்லை. கல்லை அசைத்திருக்கலாம், புரட்டியிருக்கலாம். அதுவே பெரிய காரியமன்றோ!

நிற்க, உயரத்துக்கு வருவோம். நூல்கள் சில 5 அடி 7 அங்குலம் என்கின்றன. சில 5 அடி 8 அங்குலம் என்கின்றன. இந்த ஓர் அங்குலத்துக்காகச் சண்டையிட வேண்டியதில்லை. வெறுங்காலுடன் அளந்ததற்கும் பாதரட்சையுடன் அளந்ததற்கும் அவ்வளவு பேதம் வரும். அப்படியாயின் ஆறரை அடி எங்கிருந்து வந்தது? ஒன்று, அவருடைய நிழற்படங்கள். பக்கத்தில் எவருமின்றி நிற்கும் படத்திலே அந்தக் கழுத்தின் பருமனையும் மார்பின் அகலத்தையும் கண்ட கண், உயரத்தையும் தானே கூட்டிக்கொள்கிறது. தம்பி இமாம் பக்‌ஷ் தமையனிலும் நெடியவர். இருவரும் சேர்ந்து நிற்கும் படமே உண்மை சொல்லும்.

மற்றொன்று, எதிரியின் உயரம் வீரன்மேல் ஏறிவிட்டமை. காமாவின் பெரும் போட்டியாளரான ரகீம் பக்‌ஷ் சுல்தானிவாலா ஏழடியை எட்டுமளவு நெடியவர். 1895இல் 17 வயதுக் காமா அவரை எதிர்த்தபோது பார்த்தோர் நகைத்தனராம். நெடுநேரம் நீடித்த அப்போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. பின்னர் அலகாபாத்தில் காமாவே வென்றார். இத்தகைய கதைகளில் எதிரி வளர்வதும் உண்டு. மிசன் கல்லூரி வேதபாட வகுப்பிலே, தாவீது வீழ்த்திய கோலியாத்து ஆறு முழமும் ஒரு சாணும் உயர்ந்தவன் என்று படித்தோம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சாக்கடற் சுருளொன்றிலும் நான்கு முழமும் ஒரு சாணுமே உள்ளது!

காமா குள்ளராயிருந்ததே 1910இல் இலண்டனிலே அவருக்கு இடையூறாயிற்று. உருவம் சிறிதென்று போட்டியில் இடங்கொடுக்கத் தயங்கினர். எந்த எடையினராயினும் மூன்று பேரை 30 நிமிடத்துள் வீழ்த்துவேன் என்று அவர் அறைகூவல் விடுத்தார். அமெரிக்கரான டொக்டர் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். முதன்முறை 1 நிமிடம் 40 விநாடியிலும் மறுமுறை 9 நிமிடம் 10 விநாடியிலும் வீழ்ந்தார். செப்ரெம்பர் 10ஆம் நாள் போலந்து நாட்டுச் சிபிஷ்கோவுடன் இறுதிப்போர். பரிசு 250 பவுணும் யோன் புல் கச்சையும். தொடக்கத்திலேயே கீழே கொணரப்பட்ட சிபிஷ்கோ, எழுந்து மல்லாடாது மெத்தையிற் குப்புறக் கிடந்தே இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் காலங்கழித்தார். முடிவின்றி நிறுத்தப்பட்ட போரை 17ஆம் நாள் தொடர ஏற்பாடாயிற்று. அன்று காமா வந்தார், சிபிஷ்கோ வரவில்லை. கச்சை காமாவுக்காயிற்று. இருவரும் 1928 சனவரியிற் பாட்டியாலாவில் மீண்டும் பொருதனர். ஐம்பதை அணுகிய காமா ஒரு நிமிடத்துக்குள் அவரை வீழ்த்தினார்.

இத்தனையையும் செய்தவர் 5 அடி 7 அங்குலமோ 8 அங்குலமோ உயர்ந்தவர், அதற்குமேலில்லை. இதனை அத்தம்பியிடங் கூறினோம். அவர் இப்பொழுது எம்மெல்லோருக்கும் முன்னதாகப் பயிற்சிக்கு வந்துவிடுகிறார்.

வட இந்திய மல்லர்கூடங்களிலே இந்து மல்லர் அனுமனையும் முஸ்லிம் மல்லர் அலியையும் நினைந்தே மண்ணிலிறங்குவர். இந்து மன்னரின் ஆதரவிலே வளர்ந்தவர் இவர். 1947இல் நாடு பிரிந்தபோது இலாகூரில் மோகினி வீதியில் வசித்தார். அங்கிருந்த இந்துக்களைத் தாக்கவந்த கூட்டத்தின் முன்னே, 69 வயதில், தம் மாணாக்கருடன் நின்று தடுத்தார் என்பர். பின் அக்குடும்பங்கள் புறப்பட்டபோது தம் செலவிலேயே உணவுப்பொருள் கொடுத்து எல்லை வரை சென்று வழியனுப்பினார் என்று அவர் குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவருகின்றனர். 1960ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், தமது 82ஆம் வயதில், இலாகூரிலேயே காலமானார்.